கம்பி எட்டாத வீடு

காலையில் எழுந்ததும் எனக்கு முதல் வேலை பேட்டரி மீட்டரைப் பார்ப்பது. பிறகு பின்பக்கம் போய், மழைநீர்த் தொட்டியின் ஓரத்தில் நிற்கும் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எந்தக் கோடு வரை இருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுவேன். அப்புறம் வானம். இந்த மூன்றையும் பார்த்துவிட்டால் அன்றைய நாள் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். துணி துவைக்கலாமா, மர வேலைக்கு மின்ரம்பத்தை ஓட்டலாமா, இல்லை ஒரு விளக்கோடும் புத்தகத்தோடும் நிறுத்திக்கொள்ள வேண்டுமா என்பது அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடும்.

நானும் கணவரும் இங்கே குடிவந்து 8 வருடம் ஆகிறது. வந்தபோது எங்களுக்கு மிக அருகில் இருந்த மின்கம்பம் 3 கிலோமீட்டர் தள்ளி நின்றது. குடிநீர்க் குழாய் கிடையாது, சாக்கடை இணைப்பும் கிடையாது. இப்போது அந்தக் கம்பம் நெருங்கி வந்துவிட்டது. புதிதாக வீடு கட்டியவர்களுக்காகக் கம்பி இழுத்ததில், கடைசிக் கம்பம் எங்கள் வேலியிலிருந்து 400 மீட்டரில் நிற்கிறது. உங்களுக்கும் இணைப்பு வேண்டுமா என்று கேட்டு ஒரு படிவம் வந்திருக்கிறது. அது ஒரு மாதமாக மேசை மேல் கிடக்கிறது.

"ஏன் இப்படி வாழ்கிறீர்கள்?" என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். இத்தனை நாளும் கைவசம் சுலபமான பதில் இருந்தது: இங்கே கரண்ட் வரவில்லை. இனி அதைச் சொல்ல முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இப்படி வாழும் பலரிடம் பேசியிருக்கிறேன். வந்த காரணமும் தங்கிய காரணமும் ஒன்றாகவே இருந்த ஆளை நான் பார்த்ததில்லை. எங்கள் விஷயத்திலும் அதுதான். நாங்கள் வந்தது பணத்தால். கையிலிருந்த சேமிப்புக்கு ஊருக்குள் வீடு வாங்க வேண்டுமென்றால் ஆயுசுக்கும் கடன் கட்ட வேண்டும். சாலையிலிருந்து தள்ளி ஒரு நிலம் மலிவாக வந்தது. கம்பி எட்டாததுதான் அது மலிவாக இருந்ததற்கே காரணம். கம்பம், கம்பி, டிரான்ஸ்ஃபார்மர் என்று இணைப்பை இழுத்துவரும் செலவைக் கணக்குப் போட்டால் அது நிலத்தின் விலையைத் தாண்டியது. அதே தொகைக்குள் சோலார் பேனல், பேட்டரி, தொட்டி எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது. சரி, அப்படியே செய்வோம் என்று இறங்கினோம். லட்சியம் எதுவும் அப்போது இல்லை.

ஒரு தலைமுறைக்கு முன்னால் இந்தக் கணக்கு ஒத்து வந்திருக்காது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்துகாட்டிய சிலிக்கான் சோலார் செல், தன்மேல் விழுந்த வெயிலில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக மாற்றியது. இன்று சாதாரணக் கூரைப் பேனலே 20 சதவீதத்துக்கு மேல் தருகிறது. பேனல் விலையும் 2010க்குப் பிந்தைய பத்தாண்டில் மட்டும் சுமார் 90 சதவீதம் இறங்கியது. அதற்கு முன்பு கிரிட்டுக்கு, அதாவது பொது மின்கம்பி வலைக்கு, வெளியே இருப்பவர்கள் இரண்டு விளக்குக்கும் ஒரு ரேடியோவுக்கும்தான் சோலாரை நம்பினார்கள். மிச்சத்துக்கு ஜெனரேட்டர். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 3 யூனிட் கிடைக்கும், கூடவே சத்தமும் புகையும்.

மற்றவர்கள் வந்த காரணங்கள் பலவகை. சிலர் பயத்தால் வந்தார்கள். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் மரங்கள் உரசி மின்பாதைகள் சில செயலிழந்தன. கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை தர வேண்டிய மென்பொருள் வேலை செய்யாததால் அது கவனிக்கப்படவில்லை. கடைசியில் கனடா வரை சுமார் 5 கோடிப் பேர் இருளில் இருந்தார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் பட்டப்பகலில் மொத்தமாக நின்றுபோயின. லிஃப்ட்டில் மாட்டியவர்கள், ரயிலில் மாட்டியவர்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், இந்த வாழ்க்கையைப் பற்றி விசாரிப்பவர்கள் கூடிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் ஒன்றைச் சொல்வேன். பயத்தோடு வந்தால் பயம் கூடவே வந்துவிடும். கிரிட் போனால் சரிசெய்ய ஆயிரம் பேர் கிளம்புவார்கள். உங்கள் இன்வெர்ட்டர் போனால் ராத்திரி டார்ச்சோடு நிற்கப்போவது நீங்கள் ஒருவர்தான்.

சுற்றுச்சூழலுக்காக வருகிறேன் என்பவர்களிடமும் எனக்கு ஒரு வாதம் உண்டு. ஊரில் கிரிட்டோடு இணைந்த கூரையில் பேனல் வைத்தால், உங்களுக்கு மிஞ்சிய மின்சாரம் பக்கத்து வீட்டுக்குப் போகும். எங்கள் வீட்டில் பேட்டரி மதியமே நிறைந்துவிட்டால், மீதி வெயில் யாருக்கும் பயனில்லாமல் போகிறது. மழைக்காலத்துக்குப் போதுமான அளவு பேனல் போட்டால் கோடையில் பாதி வீண். அதோடு ஒவ்வொரு தேவைக்கும் வண்டியை எடுத்துக்கொண்டு வெகுதூரம் போகிறோம். பூமிக்கு நல்லது செய்வது மட்டும்தான் நோக்கம் என்றால், ஊரிலேயே இருங்கள், கூரையில் பேனல் வையுங்கள், பஸ்ஸில் போங்கள். இதை மனதாரச் சொல்கிறேன்.

வந்ததும் தங்கியதும் வேறு என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருபவர் ஸ்காட் நியரிங். அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர். குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராகப் பேசியதாலும் அவருடைய மற்றக் கருத்துகளாலும் 1915இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரை வேலையிலிருந்து நீக்கியது. முதல் உலகப் போரை எதிர்த்து எழுதியதற்காக வழக்கும் நடந்தது, அதில் விடுதலையானார். அதற்குப் பிறகு நிலையான வேலை தருவார் இல்லை. பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவில், 1932இல், அவரும் அவருடைய துணைவி ஹெலனும் வெர்மான்ட் மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு பண்ணையை வாங்கிப் போனார்கள். பிழைக்கத்தான் போனார்கள். ஆனால் கல்லைக் கல்லாக அடுக்கி வீடு கட்டினார்கள். ஒரு நாளில் 4 மணி நேரம் பிழைப்புக்கான உடலுழைப்பு, 4 மணி நேரம் படிப்பும் எழுத்தும், 4 மணி நேரம் மனிதர்களோடு என்று பிரித்துக்கொண்டார்கள். 1952இல் மேய்ன் மாநிலத்துக்கு மாறி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அப்போது அவருக்கு வயது 70 நெருங்கிக்கொண்டிருந்தது. பிழைப்பு மட்டும்தான் காரணம் என்றால் அந்த வயதில் யாரும் இரண்டாவது முறை அதே வாழ்க்கையைத் தொடங்க மாட்டார்கள். 1983இல், 100 வயதில், அந்த இடத்தில்தான் இறந்தார்.

அவரை அங்கே பிடித்து வைத்தது என்ன என்று நான் சொல்ல முடியாது. என்னைப் பிடித்து வைத்ததைச் சொல்கிறேன்.

முதல் வருடம் நாங்கள் பேட்டரியைக் கொன்றோம். 12 வோல்ட், 200 ஆம்பியர் ஹவர் லீட் ஆசிட் பேட்டரிகள் நான்கு. காகிதத்தில் பார்த்தால் 9.6 யூனிட். ஆனால் லீட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகிவிடும், பிறகு அது சார்ஜைப் பிடிக்காது. ஆக, கையில் இருப்பது உண்மையில் 4.8 யூனிட்தான். இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும், தொடர்ந்து மேகமாக இருந்த வாரங்களில் இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் என்று ஓட்டினோம். 5 வருடம் வர வேண்டிய பேட்டரிகள் 14 மாதத்தில் போயின.

அதற்குப் பிறகுதான் நான் வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளையும் அளக்க ஆரம்பித்தேன். யாரும் எதையும் போடாமல் சும்மா இருக்கும் இன்வெர்ட்டர் 20 வாட் குடிக்கிறது. ஒரு நாளைக்கு அரை யூனிட். ராத்திரி அதை அணைத்துவிட்டு, விளக்குகளை நேரடியாக 12 வோல்ட்டில் ஓட்டினால் அதில் பாதி வரை மிச்சம். நின்ற வாக்கில் கதவு திறக்கும் ஃப்ரிட்ஜைத் திறந்தால் குளிர்ந்த காற்று காலடியில் கொட்டிப்போகிறது. மேலே மூடி திறக்கும் ஃப்ரீசரை வாங்கி, ஒரு தெர்மோஸ்டாட் வைத்து ஃப்ரிட்ஜ் குளிருக்கு நிறுத்தினோம். குளிர் காற்று கனமானது என்பதால் உள்ளேயே தங்குகிறது. ஒரு லிட்டர் தண்ணீரை மின்கெட்டிலில் கொதிக்க வைக்கக் கிட்டத்தட்ட 0.1 யூனிட் ஆகிறது. அதே மின்சாரத்தில் 9 வாட் எல்ஈடி பல்பு 11 மணி நேரம் எரியும். சூடாக்குவது எதுவானாலும் பேட்டரிக்கு ஆகாது என்பது அப்போதுதான் உறைத்தது. குளிக்க வெந்நீர் கூரையில் வெயிலில் காய்கிறது. சமையல் எரிவாயுவிலும், புகைக்கூண்டு வைத்த விறகடுப்பிலும்.

இதெல்லாம் சிக்கனம் பற்றிய பேச்சாகத் தோன்றும். எனக்கு அதில் கிடைத்தது வேறு. ஊரில் இருந்தபோது மின்சாரம் சுவரிலிருந்து வந்தது. மாதக் கடைசியில் ஒரு தொகை. அந்தத் தொகைக்கும், நான் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன செய்தேன் என்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இங்கே மதியம் மேகம் வந்தால் சாயங்காலம் எனக்குத் தெரியும். இதைச் சுமை என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது ஊரில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கினால், எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு போயிற்று என்று எதுவும் தெரியாமல் சுவிட்சைப் போடுவது எனக்கு இருட்டில் நடப்பது மாதிரி இருக்கிறது.

தண்ணீரில் இது இன்னும் ஆழமாக நடந்தது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இதைவிட அழகான கணக்கை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. எங்கள் கூரை 100 சதுர மீட்டர். வருடத்துக்கு 600 மில்லிமீட்டர் பெய்தால் 60,000 லிட்டர். கூரை உறிஞ்சுவது, தெறிப்பது, முதல் மழையை வெளியே விடுவது என்று ஐந்தில் ஒரு பங்கு போனால் 48,000. ஒரு மனிதருக்கு அடிப்படைத் தேவைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வேண்டும் என்று ஐ.நா. சொல்கிறது. நாங்கள் தலைக்கு 60 என்று வைத்துக்கொண்டோம். இருவருக்கும் சேர்த்து வருடத்துக்கு 43,800 லிட்டர். கணக்கு சரியாக நிற்கிறது, ஆனால் விளிம்பில் நிற்கிறது. மழையே இல்லாமல் ஐந்து மாதம் போனால் 18,000 லிட்டர் கையிருப்பு வேண்டும். அதனால் தொட்டி 20,000.

முதல் மழையை வெளியே விடுவதைக் கற்றுக்கொடுத்தவர் கீழ்ப்பக்க நிலத்துப் பெரியவர். நாங்கள் தொட்டி கட்டி முடித்த அன்று வந்து பார்த்தார். "ஏம்மா, இவ்வளவு பெரிசா கட்டிட்டு, மொத மழைய அப்படியே உள்ள விடப்போறியா? கூரை மேல பறவ எச்சம், தூசி எல்லாம் இருக்குமேம்மா" என்றார். கூரைக் குழாயில் ஒரு திருகுவால்வு வைத்து, மழை தொடங்கிக் கொஞ்ச நேரம் வெளியே ஓடவிட்டுப் பிறகு உள்ளே திருப்ப வேண்டும். நடுராத்திரி மழை வந்தால் எழுந்து போய்த்தான் ஆக வேண்டும். தானாகத் திருப்பும் அமைப்பும் இருக்கிறது. நாங்கள் இன்னும் கையால்தான் திருப்புகிறோம்.

கழிவறைக்குத் தண்ணீரே ஊற்றுவதில்லை. ஒவ்வொரு முறை கொட்டுவதற்கு 6 லிட்டரோ 9 லிட்டரோ இந்தக் கணக்கில் இடமில்லை. மரத்தூள் போட்டு மக்கவிடுகிறோம், ஒரு வருடத்துக்கு மேல் ஆறவிட்டு மரங்களின் வேரில் போடுகிறோம். மரத்தூள் போதுமான அளவு போட்டால் நாற்றம் கிடையாது. அவ்வளவுதான்.

கனடாவின் எல்லா மாகாணங்களுக்கும் பிரதேசங்களுக்கும் போய், கிரிட் இல்லாமல் வாழும் சுமார் 200 பேரோடு பேசிய ஃபிலிப் வன்னினி என்ற ஆய்வாளர், ஜோனத்தன் டேகர்ட்டோடு சேர்ந்து எழுதும்போது இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் சொன்னால் 'உழைப்பைக் கேட்கும் நுகர்வு'. ஒரு வாளித் தண்ணீர் உங்களிடமிருந்து எதையாவது கேட்டால், அந்த வாளியை நீங்கள் வேறு மாதிரி பயன்படுத்துவீர்கள், அந்த உழைப்பிலேயே ஒரு இன்பமும் இருக்கிறது என்பது அவர்கள் கண்டது. இதைப் படித்தபோது எங்கள் திருகுவால்வு எனக்கு நினைவு வந்தது.

அந்த இன்பத்தைப் பேசும்போது அந்த உழைப்பை யார் செய்கிறார்கள் என்பதையும் பேச வேண்டும். 1960களின் கடைசியிலும் 70களிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் லட்சக்கணக்கான இளைஞர்கள் நகரத்தை விட்டு நிலத்துக்குப் போனார்கள். பெரும்பாலோர் சில வருடங்களில் திரும்பிவிட்டார்கள். பணம் தீர்ந்தது, குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது, குடும்பங்கள் முறிந்தன. பல வீடுகளில் ஆண் கூரை போட்டான், அது ஒரு முறை. பெண் துணி துவைத்தாள், அது தினமும். எங்கள் வீட்டிலும் இரண்டாவது வருடம் இது வெடித்தது. மின்சாரம் இல்லாத நாளில் கையால் செய்ய வேண்டிய வேலை எதுவோ அது என் வேலையாகியிருந்தது. பேனலும் பேட்டரியும் சுவாரசியமான வேலை, அது அவருடையது. உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம், மாற்றிக்கொண்டோம். பேட்டரி மீட்டரைக் காலையில் நான் பார்ப்பது அப்போது தொடங்கியதுதான். துவைப்பது இன்று வரை அவர். பெண்கள் யாராவது இந்த வாழ்க்கைக்கு வரப் போகிறேன் என்றால், நிலத்தைப் பார்க்கும் முன் வேலைப் பட்டியலைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

தனிமை பற்றிக் கேட்பார்கள். எங்களுக்கு ஊரில் இருந்ததைவிட இங்கேதான் அக்கம்பக்கம் அதிகம். பெரியவருடைய பம்ப் நின்றால் நாங்கள் தண்ணீர் கொடுப்போம். எங்கள் வண்டி சேற்றில் இறங்கினால் அவர் மகன் டிராக்டரோடு வருவார். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் எக் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. சுமார் 100 பேர் வாழ்கிறார்கள். 1997இல் அங்கிருந்தவர்கள் தீவை முந்தைய உரிமையாளரிடமிருந்து வாங்கித் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். நிலப்பகுதியின் கிரிட்டோடு அவர்களுக்கு இணைப்பு இல்லை. வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 2008இல் நீர், காற்று, வெயில் மூன்றையும் சேர்த்துத் தங்களுக்கென்று ஒரு கிரிட் கட்டினார்கள். ஒரு விதி வைத்தார்கள்: எந்த வீடும் ஒரே நேரத்தில் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கக்கூடாது, தொழில் நடத்தும் இடத்துக்கு 10. மின்சாரம் மிஞ்சினால் ஊர்ப் பொதுக்கூடத்தைச் சூடாக்க அது போகிறது. இத்தனை பேருக்கு இவ்வளவு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு ஊர். என் வீட்டைவிட அந்தத் தீவுதான் எனக்குப் பெரிய ஆசை.

பழைய வாழ்க்கை முறையை விடாத கிறித்தவச் சமூகமான அமெரிக்காவின் ஆமிஷ் மக்களும் இதில் எனக்கு ஒரு வெளிச்சம் காட்டினார்கள். மின்சாரத்தையே வெறுப்பவர்கள் அவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆனால் 1919 வாக்கில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் பகுதியில் அவர்கள் பெரியவர்கள் மறுத்தது வெளியிலிருந்து வரும் மின்கம்பியோடு வீட்டை இணைப்பதை. பேட்டரி வைத்துக்கொள்கிறார்கள், அழுத்தக் காற்றில் இயந்திரம் ஓட்டுகிறார்கள், பலர் சோலாரும் வைத்திருக்கிறார்கள். ஒரு கம்பி உள்ளே வந்தால் அதன் வழியே வேறு என்னவெல்லாம் உள்ளே வரும் என்று முன்கூட்டியே உட்கார்ந்து யோசித்தார்கள். அவர்கள் மதமும் கட்டுப்பாடுகளும் எனக்கு ஒத்துவராது. அந்தக் கேள்வியை ஊர் கூடிக் கேட்டார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன் கணவருக்கு நள்ளிரவில் மூச்சு முட்டியது. பாதை நனைந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. பிழைத்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் இந்த இடத்தை வெறுத்தேன், இதில் மறைக்க எதுவும் இல்லை. இன்று அவருடைய முழங்கால் ஏணி ஏறுவதற்கு ஒத்துழைப்பதில்லை. பேனலைத் துடைக்க நான் ஏறுகிறேன். எனக்கும் ஏற முடியாத நாள் வரும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2022 கணக்குப்படி உலகத்தில் 68 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு மின்சாரமே இல்லை. விறகுப் புகை போன்ற வீட்டுக்குள் சூழும் மாசால் 2020இல் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்கள் வாழ்க்கையும் என் வாழ்க்கையும் ஒரே பெயரில் வராது. நான் எப்போது வேண்டுமானாலும் அந்தப் படிவத்தை நிரப்பலாம். படிவமே வராத வீட்டில் விளக்கில்லாமல் படிக்கும் பிள்ளைக்கு நான் எளிமையின் அழகைப் பற்றிப் பேசினால் அது அநியாயம். அவர்களுக்குக் கம்பி போக வேண்டும், சீக்கிரம் போக வேண்டும்.

படிவத்துக்கு வருகிறேன். ஒரு மாதமாகப் பேசியிருக்கிறோம். கம்பி வந்தால் கிணறு போட்டு மோட்டார் வைக்கலாம், வாஷிங் மெஷின் எப்போது வேண்டுமானாலும் ஓடும், அவர் முழங்காலுக்கும் நல்லது. எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கணவர் கேட்டார். நான் நோட்டைக் காட்டினேன். 8 வருடத் தண்ணீர்க் கணக்கு. எந்த மாதம் வறண்டோம், எந்த வாரம் விருந்தாளிகள் வந்தார்கள், எந்த ராத்திரி தொட்டி வழிந்தது எல்லாம் அதில் இருக்கிறது. அவர் கொஞ்ச நேரம் புரட்டினார். "இந்த வருஷம் வேண்டாம்" என்றார். "கால் ரொம்ப முடியலைன்னா அப்ப வாங்கிக்கலாம், அதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல." எனக்கும் அதுதான் தோன்றியது.

நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு மழை பிடித்தது. நான்தான் போனேன். வால்வின் வாய் வழியாகக் கலங்கலாக ஓடிய தண்ணீர் தெளியும் வரை டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன். பிறகு திருப்பினேன். காலையில் குழாயில் பார்த்தபோது கோடு 14,200இல் நின்றது. எழுதினேன்.